கூடுதல் பொறுப்பு

2018-ல் இந்தியக் கால்பந்துக் கேப்டன் சுனில் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். மும்பையில் சைனீஸ் தைபேயை 5-0 என்று அடித்துத் துவைத்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். எங்களைத் திட்டுங்கள், விமர்சனம் பண்ணுங்கள், ஆனால் ஸ்டேடியத்துக்கு வந்து எங்கள் முகத்துக்கு நேராகத் திட்டுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். மற்ற நாட்டு ரசிகர்கள் தாங்களாகவே திட்டிக்கொள்கிறார்கள். எங்களுக்கு மட்டும்தான் கேப்டனே லைசென்ஸ் கொடுத்திருக்கிறார். ஸ்டேடியத்துக்குப் போவதுதான் அவ்வளவாக நடப்பதில்லை. திட்டுகிற பகுதியை இன்றுவரை தவறாமல் செய்துவருகிறேன்.

2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்தோடு ஆட்டம். இரண்டு அணியுமே ஆசியக் கோப்பை வாய்ப்பை ஏற்கெனவே கோட்டை விட்டாயிற்று. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் ஆகப் போவதில்லை. இப்படிப்பட்ட ஆட்டத்தை நிம்மதியாகப் பார்க்கலாம் என்று லேப்டாப்பை ஸ்டூலில் வைத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் மாமா வந்து உட்கார்ந்தார்.

மாமா என்றால் மாமனார். கண்புரை ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் கர்ச்சீப். டிவி பார்க்கக் கூடாது என்பது அத்தையின் உத்தரவு. இது லேப்டாப் என்பது மாமாவின் வாதம். மாவட்டக் கருவூலத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பில்லில் ஒரு கையெழுத்து குறைந்தால் கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்தாலும் திருப்பி அனுப்பிய மனிதர். கால்பந்து பற்றி அவருக்குத் தெரிந்தது கைபட்டால் தப்பு என்பது மட்டும்தான்.

11-வது நிமிடத்தில் மோர்சாலின் கோல் போட்டார்.

"கோல்தானே?" என்றார் மாமா.

"ஆமாம் மாமா. அவங்க போட்டது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அறுபதாயிரம் செலவு பண்ணி இதைப் பாக்கத்தான் கண்ணைச் சரி பண்ணினோமா?"

அப்புறம் ஒருமுறை அவர்கள் கோல்கீப்பர் இடத்தை விட்டு வெளியே வந்து மாட்டிக்கொள்ள, நம்ம சாங்தே அடித்த பந்து காலியான வலையை நோக்கிப் போனது. நான் எழுந்தேவிட்டேன். எங்கிருந்தோ ஹம்சா சௌத்ரி ஓடி வந்து தலையால் முட்டி வெளியே தள்ளினார். அப்போது இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கிளப் ஆட்டக்காரர் அவர். அடுக்களையிலிருந்து அத்தை "என்னாச்சு?" என்றார். "ஒன்னும் ஆகல" என்றார் மாமா. துல்லியமான வர்ணனை.

இடைவேளையில் விசாரணை ஆரம்பித்தது.

"இந்த கோச் யாரு?"

"காலித் ஜமீல். ஆகஸ்டுலதான் போட்டாங்க."

"அதுக்கு முன்ன?"

"மனோலோ மார்க்கேஸ்னு ஸ்பெயின்காரர். அவர் கோவா கிளப்புக்கும் கோச், இந்தியாவுக்கும் கோச்."

"ஒரே சமயத்துலயா?" மாமா முகத்தில் ஒரு வெளிச்சம். "கூடுதல் பொறுப்பு! அப்படிச் சொல்லுங்க. கூடுதல் பொறுப்புல இருக்கறவன் ரெண்டு ஆபீஸ் சாவியையும் இடுப்புல வச்சிருப்பான். எங்கயும் திறக்க மாட்டான்."

நான் பல மாதமாக நண்பர்களிடம் பத்தி பத்தியாகப் புலம்பியது இவ்வளவுதான்.

"அவருக்கும் முன்னாடி?"

இகோர் ஸ்டிமாச் கதைக்கு வந்தேன். குரோஷியாக்காரர், 2019-லிருந்து ஐந்து வருஷம். 2023-ல் பெங்களூரில் நடந்த தெற்காசியத் தொடரில் பாகிஸ்தான் ஆட்டக்காரர் த்ரோ எறியப் போகும்போது கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டு சிவப்பு அட்டை வாங்கியவர். அந்தப் போட்டித் தொடரை இந்தியா ஜெயித்தது, ஃபிஃபா தரவரிசையில் 99-க்கு வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே வருஷம் செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸில் ஒரு செய்தி. 2022-ல் ஆப்கானிஸ்தானோடு மோதும் முன் ஸ்டிமாச் ஆட்டக்காரர் பட்டியலை ஒரு ஜோசியருக்கு அனுப்பி யாருக்குக் கட்டம் நன்றாக இருக்கிறது என்று கேட்டாராம். ஜோசியருக்கு அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனப் பணத்திலிருந்து லட்சக்கணக்கில் சம்பளம் என்றும் செய்தி. குரோஷியாவிலிருந்து வந்தவர் இவ்வளவு சீக்கிரம் நம்ம ஊர்க்காரராகிவிட்டாரே என்று எனக்கே ஆச்சரியம்.

மாமாவுக்கு ஜோசியம் பிரச்சினை இல்லை. "எந்தத் தலைப்புல செலவு எழுதினாங்க?" என்றுதான் கேட்டார். அப்புறம், "சரி, அந்த மேட்ச் என்னாச்சு?"

"2-1. ஜெயிச்சிட்டோம்."

"அப்ப அவரையே கோச்சாப் போட்டிருக்கலாமே!"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் ஜோசிய விஷயம் வெளியே வந்தபிறகு நடந்த 2024 ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. குவாஹாட்டியில் அதே ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூனில் ஸ்டிமாச்சை அனுப்பினார்கள், அதற்கு 4 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்ததாகச் செய்தி. அந்த வருஷம் முழுக்க இந்தியா ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

சேத்ரிக்குக் கொல்கத்தாவில் வழியனுப்பு விழா எடுத்து, அவர் கண்ணீரோடு போய், 2025 மார்ச்சில் நாற்பது வயதில் மறுபடி கூப்பிட்டுக் கொண்டுவந்ததைச் சொன்னேன். "ரிட்டயர் ஆனவருக்கு மறுநியமனம். அந்த இடத்துக்கு ஆளே உருவாக்கலைன்னு அர்த்தம்" என்றார். மார்க்கேஸ் போனபின் கோச் வேலைக்கு 170 மனு வந்தது, அதில் உலகப் புகழ் கோச்சுகளான பெப் கார்டியோலா, ஷாவி பெயரிலும் வந்திருந்தது, ஷாவி மனு போட்டார் என்று நாடே பரபரத்தபின் இரண்டும் போலி என்று சம்மேளனமே சொன்னது என்றேன். மாமா சிரிக்கவில்லை. கருவூலத்துக்காரர் போலி ஆவணத்துக்குச் சிரிக்க மாட்டார். "சரிபார்க்கறதுக்கு முன்னாடி பேரை யார் வெளியே விட்டது?" என்றார்.

இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. நம்மவர்கள் பந்தைப் பக்கவாட்டில் தட்டி, பின்னால் தட்டி, மறுபடி பக்கவாட்டில் தட்டினார்கள்.

"அப்ப இந்த காலிதுதான் சரியில்லையா?"

காலித்தைத் திட்டத்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நியாயம் பேச வேண்டுமே. பெரிய பட்ஜெட் இல்லாத மிசோரம் கிளப் ஐஸ்வாலை 2017-ல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். வந்த உடனே மத்திய ஆசியத் தொடரில் தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று ஜெயித்து, ஓமனைப் பெனால்டியில் முடித்து மூன்றாம் இடம் பிடித்துக் காட்டினார். அப்புறம்தான் கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 தோல்வி. அன்று அவர் கையில் இருந்த பசங்களுக்கு லீக் எப்போது தொடங்கும் என்றே தெரியாது. இந்தியன் சூப்பர் லீக் வணிக உரிமைக்கு அக்டோபரில் டெண்டர் விட்டிருந்தார்கள், ஒருத்தர்கூட விண்ணப்பிக்கவில்லை.

"ஒத்த டெண்டர் இல்ல, ஒருத்தருமே இல்லையா?" மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். சர்வீஸில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லையாம். "கோச்சை விடுங்க மாப்ளே. இத்தனை பேரை மாத்தினாங்களே, மாத்தற ஆளு யாரு?"

2022 செப்டம்பரில் சம்மேளனத் தலைவர் தேர்தலில் கல்யாண் சௌபே முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவை 33-1 என்று ஜெயித்ததைச் சொன்னேன். இந்தியக் கால்பந்தில் எனக்குத் தெரிந்து அவ்வளவு பெரிய ஸ்கோர் வேறு கிடையாது. அதே நிர்வாகம்தான் ஸ்டிமாச்சை அனுப்பியது, மார்க்கேஸைக் கூட்டிவந்தது, அவரையும் வழியனுப்பியது. எங்கள் லைசென்ஸில் கோச் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

0-1. வங்கதேசத்திடம் 22 வருஷத்தில் முதல் தோல்வி. மறுநாளே தரவரிசையில் 142.

அன்று ராத்திரி சொட்டு மருந்து விட வந்த அத்தையைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மாமா என் மகளின் ரஃப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் மனு. ஜோசியருக்குக் கொடுத்த தொகை எந்தக் கணக்குத் தலைப்பில்? கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் படி உண்டா? 170 மனுக்களைப் பரிசீலித்த குழுவின் கூட்டக் குறிப்பின் நகல் வேண்டும். கையெழுத்து மட்டும் ஒற்றைக் கண்ணுக்கு ஏற்ப சரிந்து இறங்கியது. ஆங்கிலத்தில் மாற்றி டைப் செய்கிற வேலை எனக்கு.

"பத்து ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் வாங்கிட்டு வாங்க."

காலையில் போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டரில் கேட்டேன். இப்போதெல்லாம் யாரும் போஸ்டல் ஆர்டர் கேட்பதில்லையோ என்னவோ, அங்கிருந்தவர் எதற்கு சார் என்றார். இந்தியா தோத்துப்போச்சு, அது சம்பந்தமா மனு போடறோம் என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. டிராயரை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"போடுங்க சார். கண்டிப்பா போடுங்க. ஈடன் கார்டன்ல 124 ரன் அடிக்க முடியலைன்னா என்ன சார் டீம் அது?"