தோல் துண்டும் கடுக்காய்த் துணியும்

வெற்றுப் பலகை முன்னால் உட்கார்ந்து என்ன வரையலாம் என்று யோசித்தால் பெரும்பாலும் எதுவும் வராது. பலவகைப் பொருட்களைச் சேர்த்துப் படம் செய்யும் கலப்பு ஊடகத்தில் பழகிய கை வேறு வழியில் தொடங்கும். ஒரு பொருளை எடுத்து, அது எதற்கு இசையும், எதற்கு முரண்டு பிடிக்கும் என்று பார்க்கும். வேலூர்ப் பக்கம் இருப்பவர்கள் பொருள் தேடி அலைய வேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் வெட்டுத் துண்டுகள், குடியாத்தம் லுங்கித் துணி, ஆரணிப் பட்டு நூல் மிச்சம், வந்தவாசிக் கோரை எல்லாமே பஸ் ஏறினால் கிடைத்துவிடும்.

தோலில் முதல் வேலை, அது எந்த வகை என்று தெரிந்துகொள்வது. வெட்டிய ஓரத்தில் நீலமோ பச்சையோ கலந்த சாம்பல் தெரிந்தால் குரோம் உப்பு போட்டுப் பதனிட்டது; உள்வரை பழுப்பாக இருந்தால் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதாக இருக்கலாம். சாயம் உள்ளே வரை ஏறியிருந்தால் கண் ஏமாறும். அப்போது ஓரத்தில் இரும்புத் தண்ணீர் (செய்முறை கீழே) ஒரு சொட்டு வைத்தால் போதும். பட்டைச் சாறு ஏறிய தோல் கொஞ்ச நேரத்தில் கருத்துவிடும். குரோம் தோல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். எரித்துப் பார்ப்பது ஆபத்து, சூட்டில் குரோம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். உப்புத்தாள் போடும்போதும் முகமூடி அவசியம்.

அந்த இரும்புத் தண்ணீர், துணியில் கையால் படம் வரையும் கலம்காரிக்காரர்களின் கறுப்பு மைதான். 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரிவதற்கு முன், கலம்காரிக்குப் பேர்போன காளஹஸ்தியும் வட ஆற்காட்டில்தானே இருந்தது! 1 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் துருப்பிடித்த ஆணி, 100 கிராம் வெல்லம். மண்பானையிலோ கண்ணாடி ஜாடியிலோ ஊற்றி, வாயைத் துணியால் கட்டி 2, 3 வாரம் வைக்க வேண்டும். மூடியை இறுக்கினால் புளிக்கும் காற்று ஜாடியை உடைக்கும். பிறகு வடிகட்டிக்கொள்ளலாம்.

வெள்ளைப் பருத்தித் துணியாக இருந்தால் முதலில் கஞ்சி போகத் துவைக்க வேண்டும். அரை லிட்டர் பாலில் 50 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்து, துணியைக் கால் மணி நேரம் ஊறவைத்து, ஒரே சீராகப் பிழிந்து வெயிலில் காயப்போடுங்கள். அந்தக் கறுப்பு மையில் இழுக்கும் கோட்டைப் பரவாமல் பிடிப்பது பாலின் கொழுப்புதான். தண்ணீர்ப் பாலில் கோடு கசியும், துணி முழுசாகக் காயாவிட்டாலும் கசியும். தூரிகை படும்போது கோடு வெறும் சாம்பலாகத்தான் தெரியும்; பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருமை ஏறும். சரியாக வரவில்லை என்று அவசரப்பட்டு இரண்டாம் முறை இழுத்தால் தடித்துவிடும். இரும்பு அதிகமானால் நாளடைவில் நூல் இற்றுப்போகும், ஆகவே காய்ந்ததும் ஓடும் நீரில் அலச வேண்டும்.

வேண்டுமென்றே கசியவிட்ட ஒரு துண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. புதுப் படத்துக்கான யோசனை சுத்தமான கோட்டைவிட அந்தக் கசிவிலிருந்துதான் அடிக்கடி வருகிறது. அதன் விளிம்பு ஏரிக்கரை மாதிரி வளைந்தால், மேலே கட்டம் போட்ட லுங்கித் துண்டை வயலாக ஒட்டிப் பார்க்கத் தோன்றும்.

ஒட்டுவதில்தான் பலருக்குச் சறுக்கும். வெள்ளைப் பசையின் ஈரத்தைக் குடித்த தோல், காயும்போது சுருங்கி ஓரம் தூக்கும். செருப்புப் பட்டறையில் பூசும் ரப்பர் பசை நல்லது. தோலின் சதைப்பக்கம், பிளைவுட் இரண்டிலும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். சாதாரண நாளில் 10 நிமிடம் ஆகும். ஏப்ரல், மே வெயிலில் பாதி நேரம்கூட வேண்டாம். ஒட்டியபின் நகர்த்த முடியாது, முன்பே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

படத்தில் சொரசொரப்புக்கு மணல் பூசுவதும் உண்டு. மணலைக் கழுவாமல் பசையில் குழைத்தால், அதிலுள்ள உப்பு பிறகு வெள்ளையாகப் பூத்து நிறத்தைக் கெடுக்கும். சலித்து, மூன்று தண்ணீர் மாற்றி, காயவைத்து, 2 பங்கு மணலுக்கு 1 பங்கு வெள்ளைப் பசை. கேன்வாஸ் துணி தொய்ந்தால் பூச்சு வெடிக்கும், பலகையே மேல்.

கல்லின் சொரசொரப்பைத் தாளில் தேய்த்தெடுப்பதும் நல்ல தொடக்கம். ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-ல் தரைப்பலகையில் தாளை வைத்துத் தேய்த்ததும் இதே முறைதான். அதற்காக வேலூர்க் கோட்டைச் சுவரில் கை வைக்காதீர்கள், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கொத்திய அம்மி போதும். மெழுகு கிரேயானில் தேய்த்த தாள்மேல் நீர்வண்ணம் விட்டால் மெழுகு படாத கொத்துக்குழிகளில் மட்டும் நிறம் ஏறும். அக்ரிலிக் பூசினால் மெழுகில் பிடிக்காமல் உரிந்து வரும்.

எல்லாவற்றையும் முதலில் அஞ்சலட்டை அளவுத் துண்டில் செய்து, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, அளவைப் பின்பக்கம் எழுதிவைக்க வேண்டும். எழுதாத துண்டு அழகாக வந்தாலும் மறுபடி செய்ய முடியாது. தோல் ஒட்டிய படத்தைச் சட்டம் போடும்போது கண்ணாடி தோலைத் தொடக்கூடாது. நடுவே அரை அங்குலக் கட்டை வைத்து இடைவெளி விடாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.