சேஜ் எண்ணெயும் மூளை நொதியும்: வைவாவுக்குப் போகும் முன்

பினாங்கில் மருந்தியல் படித்தபோது இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்தது சேஜ் எனும் வாசனைச் செடியின் எண்ணெய். வாசனை எண்ணெய்கள் பக்கம் வரப்போகும் தம்பி தங்கைகளுக்காக, வைவா எனும் வாய்மொழித் தேர்வை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

பின்னணியை இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். அசிட்டைல்கோலின் நினைவாற்றலுக்கு வேண்டிய நரம்புத் தூதுப்பொருள். அதை உடைப்பது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதி. அல்சைமர் நோய்க்குத் தரப்படும் டோனெபிசில், ரிவாஸ்டிக்மின், கலன்டமின் மூன்றும் இந்த நொதியைத் தடுக்கின்றன; ஆய்வுக்கூடத்தில் சேஜ் எண்ணெயும் அதையே செய்கிறது. தேர்வாளருக்கு இதெல்லாம் தெரிந்ததுதான். அவர் கேட்கப்போவது வேறு: “எண்ணெயில் எந்தப் பொருள் வேலை செய்கிறது?”

ஒரே பெயரைச் சொல்லி நிறுத்தினால் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. ஸ்பானிஷ் சேஜ் எண்ணெயைப் பற்றி 2003-இல் வெளிவந்த ஆய்வை அவசியம் படியுங்கள். அந்த எண்ணெயில் உள்ள 1,8-சினியோலும் ஆல்ஃபா-பைனீனும் தனித்தனியாகவே நொதியைத் தடுக்கின்றன; சேர்ந்தால் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தடுக்கின்றன. அதே சினியோலுடன் கற்பூரம் சேரும்போது தடுப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைகிறது. நம் வீடுகளில் இருக்கும் கோடாலித் தைலத்திலும் யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் சேர்ந்தே இருக்கின்றன. யூகலிப்டஸ் எண்ணெயின் முக்கியப் பொருள் இந்தச் சினியோல்தான். இவ்வளவு பழகிய ஜோடி ஒன்றையொன்று மட்டுப்படுத்துகிறது என்று படித்த அன்றுதான் எனக்கு இந்தத் தலைப்பில் உண்மையான ஆர்வம் வந்தது.

இனி ‘எதிர்பார்த்தது’ என்றால் எவ்வளவு? வைவாவே இங்கேதான் இருக்கிறது. ஒன்று 30 சதவீதம் தடுக்கிறது, மற்றொன்று 40, ஆகவே சேர்ந்தால் 70 என்று கூட்டக் கூடாது. அளவுக்கும் விளைவுக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. ஒரே பொருளை இரண்டு குப்பிகளில் ஊற்றி, இரண்டு மருந்துகள் என்று நினைத்துக் கலந்து பாருங்கள். அப்போதும் சதவீதங்கள் கூட்டலாக வராது. ஆனால் ஒரு பொருள் தன்னோடு தானே ஒத்துழைக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. அதனால் சதவீதத்தை விட்டு அளவுகளை ஒப்பிட வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். நொதியின் வேகத்தைப் பாதியாகக் குறைக்க ‘அ’ தனியாக 8 அலகு, ‘ஆ’ தனியாக 4 அலகு தேவை. கலவையில் ‘அ’ 2, ‘ஆ’ 1 போதும் என்றால், 2/8 + 1/4 = 0.5. விடை 1-க்குக் கீழே, ஆகவே கூட்டு வலிமை. கலவைக்கு 6-உம் 3-உம் தேவைப்பட்டால் விடை 1.5, அது எதிர்ப்பு. சரியாக 1 வந்தால் வெறும் கூட்டல். இதைத் தாளில் போட்டுக் காட்டத் தெரிந்தவர் பாதி வைவாவைத் தாண்டிவிட்டார்.

ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் எல்மன் முறைதான். நொதி அசிட்டைல்தயோகோலினை உடைக்கும். வெளிவரும் தயோகோலின், டிடிஎன்பி என்ற வேதிப்பொருளோடு சேர்ந்து மஞ்சளாகும். அந்த மஞ்சளை 412 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். மஞ்சள் மெதுவாக ஏறினால் தடுப்பு. எண்ணெயைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓவே இந்த நொதியைக் கொஞ்சம் தடுக்கும், எனவே சோதனைத் தட்டில் கரைப்பான் மட்டும் உள்ள ஒரு குழி கட்டாயம் வேண்டும். சினியோல், பைனீன் போன்ற டெர்பீன்கள் ஆவியாகிவிடும், தட்டை மூடி வையுங்கள். அப்புறம், எண்ணெயின் மஞ்சள் நிறத்தையும் கழிக்க மறக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கேள்வி வரலாம்: “அப்படியானால் சேஜ் எண்ணெயைக் குடிக்கலாமா?” குழியில் நடந்த தடுப்பு மூளைக்குள்ளும் அதே அளவில் நடக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். உள்ளே போன பொருள் கல்லீரலைத் தாண்டி, மூளையில் போதிய அளவு சேர வேண்டும். சமையல் சேஜ் எண்ணெயில் துஜோன் கணிசமாக உண்டு. அது மூளையின் கிளர்ச்சியை அடக்கும் காபா ஏற்பியைத் தடுத்து வலிப்பை உண்டாக்கக்கூடியது. ஸ்பானிஷ் சேஜில் துஜோன் மிகக் குறைவு, ஆய்வுகள் அதை நாடியதற்கு அதுவும் ஒரு காரணம். எந்தச் சேஜ் என்று இனத்தின் பெயரோடு சொல்லிவிட்டே பதிலைத் தொடங்குங்கள்.