பைன் மர ஷில்லிங்: தராசில் வைத்துப் பார்த்த வரை

அமெரிக்காவில் இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்த காலத்து மாசசூசெட்ஸ் அடித்த வெள்ளிக் காசு ஒன்று ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. நடுவில் பைன் மரம் பொறித்த ஷில்லிங்; அதிலும் சின்ன வில்லை, அதாவது விட்டம் குறைந்த வெள்ளித் தகட்டில் அடித்த வகை. ஓரம் வெட்டுப்பட்டது, மேல் கிளைகள் தேய்ந்துபோனது. அதனால்தான் என் பட்ஜெட்டுக்குள் வந்தது. முழு வட்டமாக, தரச்சான்றோடு பிளாஸ்டிக் உறையில் வரும் காசுகளுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் டாலர் எண்ணி வைக்க வேண்டும்.

காசில் 1652 என்று இருக்கிறது. அதை நம்பி வயது சொல்ல முடியாது. பாஸ்டனில் ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் என்ற இரண்டு வெள்ளித் தட்டார்கள் 1652இல் ஆரம்பித்து ஏறக்குறைய 1682 வரை அடித்தார்கள். முதல் காசில் ஒரு பக்கம் என்.இ. (நியூ இங்கிலாந்து) என்ற இரண்டெழுத்து, மறுபக்கம் மதிப்பு, அவ்வளவுதான். மீதி இடமெல்லாம் வெறுமையாகக் கிடந்ததால் ஓரத்தை நறுக்கினாலும் தெரியாது. அந்த அக்டோபரிலேயே நடுவில் மரமும் சுற்றிலும் எழுத்தும் வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. வில்லோ, பிறகு ஓக், பிறகு பைன் என்று மரம் மாறியது. ஆண்டு மட்டும் மாறவில்லை.

காசு அடிப்பது ராஜாவின் உரிமை; அவரை ஏமாற்றத்தான் இப்படி ஆண்டை மாற்றாமல் விட்டார்கள் என்று ஒரு பிரபலமான விளக்கம் உண்டு. 1652இல் இங்கிலாந்தில் ராஜா கிடையாது; 1660இல் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்த பிறகும் பழைய ஆண்டையே போட்டுத் தப்பித்தார்களாம். எனக்கு இது ஒட்டவில்லை. ஓக் மர இரண்டு பென்ஸில் 1662 என்று பளிச்சென்று போட்டிருக்கிறதே! ஒளிக்க நினைத்தவன் அதைச் செய்வானா? காசு அடிக்கச் சட்டம் வந்த ஆண்டையே தொடர்ந்து பொறித்தார்கள் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆண்டு கைவிடுவதால் நான் முதலில் தராசைத்தான் எடுத்தேன். சட்டப்படி ஷில்லிங்கின் எடை 72 கிரெயின், அதாவது 4.67 கிராம். இங்கிலாந்து ஷில்லிங் கிட்டத்தட்ட 93 கிரெயின். வேண்டுமென்றே எடையைக் குறைத்தார்கள், வெள்ளி கப்பலேறிப் போய்விடக் கூடாது என்று. என்னுடையது 4.21 கிராம், 65 கிரெயின். ஆகப் பத்தில் ஒரு பங்கு யாரோ கத்தரித்து உருக்கிவிட்டார்கள். திருடன்தான், ஆனாலும் அவன் புண்ணியத்தில் எனக்கு விலை குறைந்தது.

அடுத்து அடர்த்தி. தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, முள்ளைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முக்கினேன். காசு விலக்கிய தண்ணீரின் எடையாக 0.41 கிராம் காட்டியது. காசின் எடையை அதால் வகுத்தால் 10.27. இந்தக் காசுகளுக்குரிய ஸ்டெர்லிங் வெள்ளிக்கு (92.5 சதவீத வெள்ளி) 10.36 பக்கம் வர வேண்டும். இரண்டு தசமத் தராசில் 0.01 பிசகினாலே விடை 10.0க்கும் 10.5க்கும் நடுவே ஆடும் என்பதால் இது போதும். ஈயம் கலந்த நினைவுப்பொருள் நகல்கள் பல இந்தச் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும்.

எல்லாப் போலியும் மாட்டாது. 1850களில் நியூயார்க்கில் தாமஸ் வயட் என்ற ஆள் இந்தக் காசுகளை வெள்ளியிலேயே அடித்துப் பழசென்று தள்ளிவிட்டிருக்கிறார். அங்கே தராசுக்கு வேலையில்லை, காசை அடித்த அச்சைத்தான் பார்க்க வேண்டும். சிட்னி நோ என்ற நாணய ஆய்வாளர் ஒவ்வொரு அச்சு ஜோடிக்கும் எண் கொடுத்துப் பட்டியல் போட்டிருக்கிறார். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, எந்தக் கிளை நுனி எந்த எழுத்தைப் பார்க்கிறது என்று லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். கண் எரிந்தாலும் இதில்தான் உண்மையான சுகம். என்னுடையது அந்தப் பட்டியலில் நோ 16 என்று தோன்றுகிறது. வெட்டுப்பட்ட பக்கத்தில் எழுத்துகளின் தலை போய்விட்டதால், இன்னும் தெளிவான படங்கள் கிடைத்த பிறகே அட்டையில் எண்ணை எழுதுவேன்.

என்.இ. ஷில்லிங் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. 2021இல் ஒரு பழைய மிட்டாய் டப்பாவில் கிடைத்த ஒன்று லண்டன் ஏலத்தில் 2,64,000 பவுண்டுக்குப் போனது. நான் அடுத்துத் தேடுவது அந்த 1662 இரண்டு பென்ஸை. ஓட்டை போட்டதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆண்டு மட்டும் படிக்கும்படி இருக்க வேண்டும்.