கட்டையை எண்ணினால் கார்ட் வரும்

காட்பாடியில் வயலின் வாத்தியாரிடம் நான் போய்ச் சேர்ந்தது கச்சேரி பண்ண இல்லை. வீட்டிலிருக்கிற கீபோர்டில் காதில் விழுந்த பாட்டை கார்ட் (சில சுரங்களை ஒன்றாக அழுத்துவது) போட்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வீடியோ பார்த்துப் பார்த்து சி மேஜருக்கு எங்கே விரல், ஏ மைனருக்கு எங்கே விரல் என்பதெல்லாம் மனப்பாடம், ஆனால் ஏன் அங்கே வைக்கிறோம் என்று யாராவது கேட்டால் முழிப்பேன்.

வாத்தியார் கார்ட் பக்கமே வரவில்லை. "முதல்ல கட்டையை எண்ணுங்க சார், பேரெல்லாம் அப்புறம்" என்றார். கட்டை என்றால் கீபோர்டில் விரல் வைத்து அழுத்துகிற கீ. வெள்ளை, கறுப்பு இரண்டையும் சேர்த்து ஒரு ச-விலிருந்து மேல் ச-வுக்கு 12 படி. இதை வைத்துக்கொண்டு சரளி வரிசை என்கிற ஆரம்பப் பாடத்தைப் பாடுகிற மாயாமாளவகௌளை ராகத்தை, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு எத்தனை படி என்று எண்ணச் சொன்னார். 1-3-1, நடுவில் 2, திரும்பவும் 1-3-1. ச-விலிருந்து ம வரை என்ன அமைப்போ அதே அமைப்பு ப-விலிருந்து மேல் ச வரைக்கும்! ஆரம்பப் பாடத்துக்கு ஏன் இந்த ராகம் என்று பல காரணம் சொல்கிறார்கள், எனக்கு இந்த ஒன்றே போதும்.

சங்கராபரணம் ராகத்தை எண்ணினால் 2-2-1-2-2-2-1, அதாவது மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேல் என்கிற சுர வரிசைதான். அங்கிருந்து கார்ட் தானாகவே வந்துவிட்டது. ச-விலிருந்து 4 படி, அப்புறம் 3 படி ஏறினால் மேஜர், முதலில் 3 பிறகு 4 என்றால் மைனர். நடு விரல் ஒரு கட்டை நகர்கிறது, பாட்டு அழ ஆரம்பிக்கிறது. இதற்கா இத்தனை மாதம் வீடியோ பார்த்தேன் என்றிருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கிரக பேதம், அதாவது அதே கட்டைகளில் ச-வை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றி வேறு ராகம் எடுப்பது. வெறும் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு சி-யில் ஆரம்பித்தால் சங்கராபரணம், டி-யில் கரகரப்பிரியா, ஈ-யில் தோடி, எஃப்-பில் கல்யாணி, ஜி-யில் ஹரிகாம்போதி, ஏ-யில் நடபைரவி. பி-யில் மட்டும் மேளகர்த்தா (ஏழு சுரமும் உள்ள தாய் ராகம்) கிடைக்காது, ஏனென்றால் அங்கே ப வரவேண்டிய இடம் கறுப்புக் கட்டை. மேற்கத்திய இசைக்காரர்கள் மோட் என்று படிப்பதும் இதே கணக்குதான் என்று தெரிந்த அன்று ராத்திரி தூங்க நேரமாகிவிட்டது.

கணக்கு ஒரு பக்கம், காது இன்னொரு பக்கம். மே மாத வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு தம்புராவை மட்டும் கேட்கச் சொல்வார், வியர்வை வழிய வழிய ச-வும் ப-வும் சேர்கிறதா என்று பாட வேண்டும். சித்திரவதைதான். ஆனால் ஃபேன் இரைச்சலில் சுருதி லேசாக விலகினால் தெரியவே தெரியாது, அதனால் அவர் சொன்னது சரி. தாளத்துக்கு வகுப்பே தேவைப்படவில்லை, பாகாயம் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் ஆதி தாளம் 4+2+2 என்று தொடையில் தட்டிக்கொண்டே போய்விடலாம், பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

72 மேளகர்த்தாவையும் மனப்பாடம் பண்ண நான் முயலவில்லை. எழுத்துக்கு எண் கொடுக்கிற கடபயாதி முறை தெரிந்தால் பேரின் முதல் இரண்டு எழுத்திலேயே எண் வந்துவிடும்: சங்கராபரணத்தின் முழுப் பேரான தீரசங்கராபரணத்தில் 'தீ' 9, 'ர' 2, திருப்பிப் போட்டால் 29. அதோடு 36 கூட்டினால் 65, கல்யாணி, மாறுவது மத்யமம், அதாவது ம மட்டும்.

இப்போது ஐந்து கோட்டு நொட்டேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. மேல் சுரங்களுக்கான ட்ரெபிள் க்ளெஃப் பரவாயில்லை, கீழ் சுரங்களுக்கான பேஸ் க்ளெஃப் இன்னும் எழுத்துக்கூட்டித்தான்.