மணல்தட்டில் முதலில் தெரியும்

கடந்த ஆண்டு கணபதி விசர்ஜனத்தன்று மும்பை செம்பூரில் எங்கள் தெருவில் நள்ளிரவு வரை டோல் மேளம் முழங்கியது. எங்கள் வீட்டுக் கடுவன் பூனை முத்து, அன்று மாலை கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கியது, மறுநாள் காலைதான் வெளியே வந்தது. வந்ததும், சிறுநீரும் மலமும் கழிக்க வைத்திருக்கும் மணல்தட்டில் ஏறி உட்கார்ந்து முக்கியது, இறங்கியது, பத்து நிமிடத்தில் மறுபடியும் ஏறியது. மதியத்திற்குள் ஏழெட்டு முறை இப்படி நடந்தது. வயிறு கட்டியிருக்கும் என்று நானும் நினைத்தேன், அம்மாவும் நினைத்தார். "கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடுத்துப் பாரேன்" என்று அவர் சொன்னார், நான் கொடுக்கவில்லை. ஆனால் மருத்துவரிடமும் அழைத்துப் போகவில்லை.

மாலையில் முத்து இதுவரை நாங்கள் கேட்டிராத, அடிவயிற்றிலிருந்து எழும் ஒரு கரகரத்த குரலில் கத்தியபோதுதான் மணலைக் கிளறிப் பார்த்தேன். முழு மணலும் காய்ந்திருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர்கூட அதில் விழவில்லை. வயிற்றின் பின்பகுதியைத் தொட்டால் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக, கல்லைப்போல் ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. அது நிரம்பி வழிய இடமில்லாத சிறுநீர்ப்பை.

அன்றிரவு முத்துவுக்கு மயக்கமருந்து கொடுத்துக் குழாய் செருகி அடைப்பை நீக்கினார்கள். மூன்று நாள் சலைன் ஏறியது. கடுவன் பூனையின் சிறுநீர்த் தாரை மிகவும் குறுகலானது. நுண்ணிய படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். முழு அடைப்பைச் சரிசெய்யாமல் விட்டால் ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடக்கூடும். பூனைகளின் சிறுநீர்ப்பை அழற்சிக்கும் மன அழுத்தத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை அந்த மருத்துவர் விளக்கினார். மேளச் சத்தம், வீட்டு மராமத்து, புதிதாக வந்த விருந்தாளி என்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றுபவை பூனைக்குச் சாதாரணமல்ல.

ஆகவே கடுவன் பூனை வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் வேண்டுவது இது: உங்கள் பூனை மணல்தட்டில் அடிக்கடி முக்கி, சிறுநீர் வராமல் இறங்கினால், அதை மலச்சிக்கல் என்று முடிவுகட்டாதீர்கள். காலை வரை காத்திருக்காதீர்கள். இரவு பதினொரு மணியானாலும் கிளம்பிவிடுங்கள்.

பூனை வேட்டையாடும் விலங்கு. தன்னைவிடப் பெரியவற்றுக்கு இரையாகவும் கூடியது. அதனால் வலியை வெளிக்காட்டாமல் இருப்பது அதன் இயல்பிலேயே ஊறிப்போயிருக்கிறது. நாய் நொண்டிக்கொண்டே வந்து காலைக் காட்டும். பூனை அலமாரிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். எனவே அதன் நோயைக் கண்டறிய வேண்டுமானால், நலமாக இருக்கும் நாட்களில் அது எப்படி இருக்கிறது என்பதை நாம் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். முத்து பிழைத்து வந்த பிறகு நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். நாள்தோறும் மணலில் எத்தனை சிறுநீர்க் கட்டிகள் (சிறுநீர் பட்டு இறுகிய மணல் உருண்டைகள்), மலம் எப்படி, எவ்வளவு சாப்பிட்டது என்று ஒரே வரியில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எடை பார்க்கிறேன்: பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, பிறகு என் எடையைக் கழித்துக்கொள்வது. நான்கு கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் அது தன் உடலில் பத்தில் ஒரு பங்கை இழந்திருக்கிறது என்று பொருள். அடர்ந்த முடிக்குள் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

தூங்கும்போது மூச்சையும் எண்ணிப் பார்க்கலாம். மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்திற்கு முப்பதுக்குள் இருந்தால் கவலையில்லை. தொடர்ந்து அதற்கு மேல் போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓய்வாக இருக்கும் பூனை நாயைப்போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அது உடனடி ஆபத்து.

சாப்பிடாமல் இருப்பதைப் பற்றியும் தனியே சொல்ல வேண்டும். "பசித்தால் தானே சாப்பிடும்" என்ற நம் வீட்டு வழக்கம் பூனையிடம் செல்லாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் போய்த் தேங்கி, ஈரல் செயலிழக்கத் தொடங்கும். ஈறுகளிலும் காது மடலின் உட்புறத்திலும் மஞ்சள் படர்வது அதன் அடையாளம். முழு ஒரு நாள் உணவைத் தொடாத பூனையை அழைத்துச் சென்றுவிடுவது நல்லது. குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம்கூடப் பொறுக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் முத்துவுக்கு முன்பிருந்த பூனைகளெல்லாம் பால்சோற்றில் வளர்ந்தவை. அம்மா அன்போடுதான் பிசைந்து வைத்தார். ஆனால் பூனை இறைச்சி உண்டே வாழப் பிறந்த விலங்கு. டாரின் என்ற சத்தை அதன் உடல் போதிய அளவு தானே உற்பத்தி செய்துகொள்ளாது. இறைச்சி, மீனிலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து விரியும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள இந்தத் தொடர்பு 1987இல் தெளிவானது. அதன் பின்னரே உணவு நிறுவனங்கள் பூனை உணவில் அதன் அளவை உயர்த்தின. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு உண்டாகும். மீனையும் பச்சையாகப் போடாமல், முள் நீக்கி, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்துத் தருவதே சரி. சில மீன்களில் உள்ள ஒரு நொதி, பி1 வைட்டமினை அழித்துவிடும், வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். வேகவைத்த மீன் மட்டுமே முழு உணவாகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முத்துவுக்கு இப்போது ஈரமான டப்பா உணவும், வீட்டின் மூன்று மூலைகளில் மூன்று தண்ணீர்க் கிண்ணங்களும். தண்ணீர் அதிகம் உள்ளே போனால்தான் சிறுநீர் நீர்த்துப் போகும்.

இனி, நம் வீடுகளிலேயே இருக்கும் நஞ்சுகள். பாராசிட்டமால் மாத்திரையை உடைத்து நீக்கும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவில் இல்லை. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். காய்ச்சலோ வலியோ என்று பரிவோடு கால் மாத்திரை கொடுத்தவர்களை நான் அறிவேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். தலைவலித் தைலமும் கற்பூரமும் அதன் நாக்குக்கு எட்டக் கூடாது. வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாய்க்கான உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருந்தால், அது பூனைக்கு வலிப்பை உண்டாக்கும்.

மாட்டுங்கா பூக்கடைகளில் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் மல்லிகை வாங்குவார். மல்லிகையால் தீங்கில்லை. ஆனால் பூங்கொத்துகளில் வைக்கிற பெரிய லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலோ, அது நின்ற ஜாடித் தண்ணீரைக் குடித்தாலோ பூனையின் சிறுநீரகம் சில நாட்களுக்குள் செயலிழந்துவிடும். செங்காந்தளும் நஞ்சுதான். மல்லிகையைத் தொடுக்கிற நூலைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: பூனை நூலை விழுங்கினால் அது குடலைச் சுருக்கிப் பிடித்து அறுத்துவிடும். பின்பக்கம் நூல் முனை தொங்குவதைக் கண்டால் இழுக்காமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பிறந்த நான்கு குட்டிகளில் மூன்று, ஒரே வாரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் செத்துப்போயின. பூனைகளுக்கு வரும் பார்வோ வைரஸ் அது. இரத்த வெள்ளணுக்களை வீழ்த்திவிடும், தரையில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும், நம் செருப்போடு வீட்டுக்குள்ளும் வரும். வெளியே போகாத பூனைக்குத் தடுப்பூசி எதற்கு என்பவர்களுக்கு இதுவே பதில். எட்டு வார வயதளவில் முதல் ஊசி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை அடுத்தடுத்த ஊசிகள், மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளிகளில். முதலில் சொன்ன ஊசியிலேயே பூனைச் சளிக்கான ஹெர்பிஸ், கேலிசி வைரஸ்களுக்கும் பாதுகாப்பு அடங்கும். எஞ்சிய அந்த ஒரு குட்டி இப்போது மூன்றாம் மாடியில் ஒரு மராத்தி மாவ்ஷி (சித்தி) வீட்டில் வளர்கிறது.

பத்து வயதைக் கடந்த பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, பெரிய பெரிய சிறுநீர்க் கட்டிகள் விட்டால் சிறுநீரக நோயையோ நீரிழிவையோ சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகத்தின் பெரும்பகுதி கெட்ட பின்னரே அறிகுறி வெளியே தெரியும் என்பதால், ஏழு வயதிற்குப் பிறகு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்வது வீண் செலவன்று. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் தைராய்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவைக் கண்டு தயங்குபவர்களுக்கு: மும்பையில் பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இயங்கி வருகிறது, 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதே பரேலில்தான். முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

முத்துவைத் தூக்கிச் செல்லும் கூடை முன்பு பரணில் இருந்தது. அதை இறக்கினாலே அது ஓடி ஒளியும், அந்த இரவில் அதைப் பிடிக்கவே எங்களுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. இப்போது கூடை கூடத்திலேயே, கதவு திறந்தபடி, உள்ளே அம்மாவின் பழைய பருத்திச் சேலையோடு கிடக்கிறது. முத்து மதியம் அதில்தான் தூங்குகிறது.