லேபிளை எண்ணித்தான் தருவார்கள்

போன வாரம் கடையைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினோம். பழைய மேஜையை நகர்த்தியபோது, நூறு டிஸ்க் அடுக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று அடியில் கிடைத்தது. மேலெல்லாம் தூசி, உள்ளே என் கையெழுத்து. 'எக்ஸ்பி எஸ்பி2', 'எக்ஸ்பி எஸ்பி2 நல்லது', 'எஸ்பி3 ராத்திரி எழுதினது', 'உபுண்டு'. கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ் எக்ஸ்பியையோ, அதற்கு மாற்றான இலவச உபுண்டுவையோ ஏற்றுகிற டிஸ்க்குகள். எஸ்பி என்பது எக்ஸ்பிக்கு வந்த திருத்தத் தொகுப்பு. 'நல்லது' என்று ஒன்றில் மட்டும் எழுதியிருக்கிறேன். அப்படியானால் மற்றதெல்லாம்?

2006-ல் திருப்பூரில் ஒரு சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பனியன் கம்பெனிகளில் சிடி டிரைவ் ஒரு வருசம் தாங்கினாலே பெரிது. கட்டிங்கில் பறக்கிற பஞ்சு டிரைவுக்குள் போய் லென்ஸின் மேல் மெத்தை மாதிரி படிந்துகொள்ளும். அந்த டிரைவுகளில் ஒரிஜினல் டிஸ்க்கைப் போட்டு எடுத்தால் நாலு தடவையில் கோடு விழுந்துவிடும். அதனால் கடைக்காரர் ஒரிஜினலை வெளியே விடவே மாட்டார். கல்லா மேஜையில் விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். பையில் போட்டுக்கொண்டு போவதெல்லாம் காப்பிதான்.

காப்பி போடுவதில் முதல் அடி எனக்குத் திருப்பூரில் 15 வேலம்பாளையம் என்கிற இடத்தில் விழுந்தது. ஒரிஜினலைத் திறந்து, உள்ளே இருந்த ஃபைல்களை எல்லாம் டி டிரைவுக்கு இழுத்து, அதை நீரோ என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை. ஆனால் மெஷின் அந்த டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே இல்லை. இரவு பதினொரு மணி, காலையில் ஷிப்மென்ட் பேப்பர் எடுக்க வேண்டிய கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற துவக்கத் தகவல் டிஸ்க்கில் தனி இடத்தில் இருக்கிறது, ஃபைல் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் புரிந்தது. டிஸ்க்கை அப்படியே ஒரே ஃபைலாக, அதாவது ஐஎஸ்ஓ இமேஜாக எடுத்து எழுதினால்தான் அதுவும் கூடவே வரும். 52 எக்ஸ் வேகத்தில் எழுதி அவசரப்படக் கூடாது, எழுதி முடித்ததும் சரிபார்க்க வேண்டும் என்பதெல்லாம் டிஸ்க் பாழாகிப் பாழாகி வந்த புத்தி. 2012-ல் கரண்ட் போன போக்கில், யுபிஎஸ் பேட்டரியை நம்பி எழுத ஆரம்பித்துப் பாதியில் செத்த டிஸ்க்குகளுக்குக் கணக்கே இல்லை.

இதுவரை சொன்னதில் தப்பு ஒன்றும் கிடையாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவே, முறையாக வாங்கியவர் தொலைந்தால் உடைந்தால் உதவட்டும் என்று காப்பி எடுத்து வைத்துக்கொள்ள விடுகிறது. நாங்கள் தப்பு செய்தது அதற்கப்புறம். விண்டோஸ் ஏற்றும்போது கீ என்று ஓர் எழுத்துத் தொடரைக் கேட்கும். எங்கிருந்தோ கசிந்த ஒரு கம்பெனி கீ ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் போட்டால், 30 நாளுக்குள் மைக்ரோசாஃப்டிடம் உறுதிப்படுத்து என்கிற கெடுவெல்லாம் எக்ஸ்பி சொல்லாது. இருபத்தைந்து எழுத்தும் மனப்பாடம். நானும் போட்டிருக்கிறேன், எத்தனை மெஷினில் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதை நிறுத்தியது ஒரு பனியன் கம்பெனி முதலாளியுடன் நடந்த பேச்சு. அவரிடம் ஒரே ஒரு பிராண்டட் கம்ப்யூட்டர், விண்டோஸ் கீ அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டி டிஸ்க்கோடு வந்தது. மற்ற ஆறும் அசெம்பிள் செய்தவை.

"ஏந்தம்பி, இந்த டிஸ்க்கு நாம காசு குடுத்து வாங்குனதுதான? மத்த ஆறுலயும் இதையே போட்டா என்னாயிருது?"

"டிஸ்க்கு நம்முளுதுங்ண்ணா. அனுமதி ஒரு மிசினுக்குத்தானுங்க."

"அப்புறம் என்னத்துக்கு டிஸ்க்க கையில குடுக்கறான்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எதிரே ஸ்டோரில் ஒரு அக்கா, ஆர்டர் கொடுத்த பையர் அனுப்பிய மெயின் லேபிள்களை, அதாவது பனியனில் தைக்கிற பிராண்டுப் பெயர்த் துண்டுகளை, நூறு நூறாக எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். அதைக் காட்டி, துணி வெட்ட அளவு காட்டுகிற பேட்டர்ன் அட்டையை வேண்டிய மட்டும் வெட்டிக்கொள்கிறீர்களே, லேபிளை மட்டும் ஏன் எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன்.

"பையர் எண்ணித்தானப்பா தர்றான். பத்தாயிரம் பீசுக்குப் பத்தாயிரத்து முந்நூறு வந்தா அந்த முந்நூறுக்கும் கணக்குச் சொல்லோணும். ஒண்ணு வெளிய போச்சுன்னா ஆர்டரே போச்சு."

"டிஸ்க்கு பேட்டர்னுங்ண்ணா. அந்த ஸ்டிக்கருதான் லேபிளு."

கொஞ்ச நேரம் ஸ்டிக்கரையே பார்த்தார். அப்புறம், "சரி, எத்தன ஆகும்?" என்றார்.

ஆறுக்கும் வாங்கிவிடவில்லை. கணக்கு எழுதுகிற டேலி ஓடும் மெஷின், மெர்ச்சண்டைசர்களின் எக்செல் மெஷின் இரண்டு, ஆக மூன்றுக்குப் புதிதாக லைசன்ஸ் வாங்கினார். கேட், டைம் ஆபீஸ், செக்கிங் மூன்றுக்கும் உபுண்டு போட்டேன். அதை வெளியிடும் கனோனிக்கல் 2011 வரை தபாலில் இலவசமாகவே சிடி அனுப்பிக்கொண்டிருந்தது. ஓசியில் தருகிறவனிடம் ஏதோ விவகாரம் இருக்கும் என்று முதலாளிக்குச் சந்தேகம். இதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காப்பி போட்டுக் கொடுக்கலாம், அதுவே அந்த லைசன்ஸ் என்றேன். டைம் ஆபீஸ் பையனுக்குச் சீட்டு விளையாட்டு இருக்குமா என்பதுதான் கவலை. இருந்தது. புகார் அத்தோடு நின்றது.

அந்த உற்சாகத்தில் நானே கொஞ்சம் தமிழ் எழுத்துருக்கள் சேர்த்து, வால்பேப்பரில் கடைப் பெயர் போட்டு, ஒரு டிஸ்க் தயாரித்து உபுண்டு என்றே எழுதி நாலு பேருக்குக் கொடுத்தேன். மாற்றாத டிஸ்க்கை உபுண்டு என்று கொடுக்கலாம், மாற்றியதற்கு அந்தப் பெயரை வைக்க அனுமதி வாங்க வேண்டும் என்று பின்னால்தான் படித்தேன். முதலாளியிடம் சொன்னபோது சிரித்தார். "அவன் லேபிள வெட்டிட்டு உம்பட லேபிள வெச்சுக்க வேண்டீதுதான?"

திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவில் 7 நாளிலிருந்து 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று நானும் பலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் அசையவில்லை. ஏற்றுமதிக்காரர்களை அசைத்தது வேறு. 2011-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், திருட்டு மென்பொருளை வைத்துப் பொருள் தயாரித்து அங்கே விற்பது முறையற்ற போட்டி என்று சட்டம் போட்டது. 2013 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஓர் இந்திய ஆடை நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். போட்டவர் அப்போது அங்கே அட்டர்னி ஜெனரலாக இருந்த கமலா ஹாரிஸ், நம் துளசேந்திரபுரத்துப் பேத்தி. செய்தி வந்ததும் என் போன் நிற்கவில்லை.

பல்லடத்தில் ஒருவர் பழைய கம்ப்யூட்டரின் ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்துப் புதியதில் ஒட்டியே வைத்திருந்தார். ஒரு கிழிசல் இல்லை, கைவேலைக்காரர். மெஷினோடு வருகிற ஓஇஎம் லைசன்ஸ் அந்த மெஷினோடுதான் போகும், தனியாகக் கடையில் வாங்கியதென்றால்தான் வேறு மெஷினுக்கு மாற்றலாம் என்றேன். "உரிக்கறதுக்கு மிந்தி சொல்லியிருக்கலாமல்லங்க" என்றார்.

இப்போது டிஸ்க்கே கிடையாது. ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்டே தளத்தில் வைத்திருக்கிறது, யாரும் இறக்கலாம். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பிராண்டட் மெஷின்களில் கீ மதர்போர்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, உரிக்க ஸ்டிக்கர் இல்லை.

டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போனேன். தாராபுரம் பக்கம் எங்கள் கடலைக்காட்டில் மயில் தொல்லை, அப்பா வேலியில் கட்டப் பழைய சிடி கேட்டிருந்தார். காப்பி டிஸ்க்குகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்கென்று நான் காசு கொடுத்து வாங்கிய எக்ஸ்பி ஒரிஜினலைக் கையில் எடுத்தார். ஓரம் முதல் ஓரம் வரை ஹோலோகிராம், வெயிலில் பிடித்தால் கண் கூசும்.

"இதுதாண்டா நல்லா மினுங்குது. இது வேணுமா உனக்கு?"

அதன் ஸ்டிக்கர் ஒட்டிய கம்ப்யூட்டர் கேபினெட் பரணில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மயில் இரண்டு நாள் வரவில்லையாம், மூன்றாம் நாள் டிஸ்க்குக்கு நேர் கீழேயே நின்று கடலையைக் கிளறிக்கொண்டிருந்ததாம்.