33 மணி நேரக் கணக்கு

விலங்கியல் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் கோடை எனக்கு முட்டைகளோடுதான் கழிந்தது. கோழிக் கருவில் நரம்புக் குழாய், அதாவது பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகும் குழாய், எப்படி மூடிக்கொள்கிறது என்பது என் தலைப்பு. கடை முட்டை இதற்கு ஆகாது. சேவல் சேராமல் இடுவதால் அதில் கரு இருக்காது. நாட்டுக்கோழி வளர்க்கும் ஓர் அண்ணனிடம் 12 முட்டை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, 38 டிகிரி இன்குபேட்டரில் அடுக்கினேன்.

33 மணி நேரத்தில் ஏறக்குறைய 10 ஜோடி சோமைட் தெரிய வேண்டும். நரம்புக் குழாயின் இருபுறமும் வரிசையாகத் திரளும் சிறு கட்டிகள் அவை. பிற்பாடு முதுகெலும்பும் தசையும் ஆகும். கோழியில் சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடி உருவாகிறது. எனக்கோ ஒரு முட்டையில் 4, இன்னொன்றில் 13. அரை நாளுக்கும் மேலான வித்தியாசம்! இவற்றை அருகருகே வைத்து எதை ஒப்பிடுவது?

கருவை எடுக்கக் கை பழகவே ஒரு மாதம் ஆனது. முட்டையைத் தட்டில் உடைத்து, கருவின் மேல் படிந்திருக்கும் கெட்டியான வெள்ளைக் கருவை டிஷ்யூ தாளால் பொறுமையாக ஒற்றி எடுக்க வேண்டும். கருவைத் தூக்கி எடுக்க அதைச் சுற்றி ஒரு வடிதாள் வளையம் வைப்போம்; வெள்ளைக் கரு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அது சவ்வில் ஒட்டாது. ஒட்டிய பிறகு சுற்றி வெட்டி, சாய்வாக இழுத்து, உப்புக் கரைசலில் அலச வேண்டும். அவசரப்பட்ட நாளெல்லாம் கரு கிழிந்தது.

இன்குபேட்டரைத்தான் இரண்டு வாரம் சந்தேகப்பட்டேன். விடை அந்த அண்ணனிடம் இருந்தது. "வெயில்ல கெடந்ததையும் நாள்பட்டதையும் கலந்து அடை வெச்சா ஒண்ணாப் பொரிக்காது பாப்பா" என்றார். இட்ட முட்டைக்குள் வளர்ச்சி ஏற்கெனவே தொடங்கியிருக்கும். சுமார் 20 டிகிரிக்குக் கீழே போனால்தான் நின்று காத்திருக்கும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அது எங்கே நிற்கும்? நெடுநாள் வைத்திருந்த முட்டையோ பின்தங்கும்.

அதன்பின் அன்று காலை இட்டவற்றை மட்டும் வாங்கினேன். தெர்மகோல் பெட்டியில், ஐஸ் பை முட்டையைத் தொடாதபடி துணி சுற்றிக் கொண்டுவந்தேன். கருவியல் ஆய்வாளர்களான ஹாம்பர்கரும் ஹாமில்டனும் கோழிக் கருவின் வளர்ச்சிக்கு 1951இல் வகுத்த 46 நிலைகளின் அட்டவணையை அப்போதுதான் மதித்துப் படித்தேன். அவர்கள் கருவை வயதால் அல்ல, தோற்றத்தால் பிரித்தார்கள். 33 மணி என்பது அதில் ஓர் உத்தேசம் மட்டுமே. நோட்டில் மணிக்கணக்கை ஓரத்துக்குத் தள்ளி, முதல் பத்தியில் சோமைட் எண்ணிக்கையை எழுதத் தொடங்கினேன்.

அடுத்த தடவை 12 முட்டையில் 9 கருக்கள் 9 முதல் 11 ஜோடி சோமைட்டுக்குள் வந்தன. அவற்றில் ஒன்றை லென்ஸுக்கு அடியில் எண்ணிக்கொண்டிருந்தபோது வலப்பக்கம் ஏதோ அசைந்தது. கை பட்டுவிட்டதோ என்று ஊசியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி அசைந்தது. இதயம். ரத்தம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை, அதற்குள் துடிக்கிறது. பக்கத்து மேசை அக்காவைக் கூப்பிட்டேன். இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.